மருத்துவரின் கணக்கும் தொழிலாளரின் குரலும்: மலாயாத் தோட்டங்களில் வேலையிடப் பாதுகாப்பும் தொழிற்சங்கப் பிரதிநிதியும்

முன்னுரை

மலேசிய இந்தியர் வரலாற்றை ஆராய்ந்தோர் தோட்டத் தொழிலாளரின் குடியேற்றம், கங்காணி முறை, கூலி, அரசியல் விழிப்பு ஆகியவற்றை விரிவாக எழுதியுள்ளனர். தொழிலாளரின் உடல்நலம் பற்றிய செய்திகளும் அவ்வாய்வுகளில் உள்ளன. எனினும் அவை மலேரியா, தோட்ட மருத்துவமனை, இறப்பு விகிதம் என்னும் தலைப்புகளின்கீழ் மருத்துவ வரலாறாகவே பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. வேலையிடத்தில் தமக்கு நேரும் தீங்கைத் தொழிலாளர் தாமே எடுத்துரைக்கும் உரிமை எப்போது, எவ்வாறு, எந்த அளவிற்குக் கிடைத்தது என்னும் வினா அரிதாகவே தனித்து எழுப்பப்படுகிறது. அவ்வுரிமையைத் தொழிலாளர் சார்பில் செலுத்துபவர் தொழிற்சங்கப் பிரதிநிதி. அவர் வழியாக இவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

இங்கு முன்வைக்கப்படும் கருத்து எளியது. முதலாளியின் நலனும் தொழிலாளியின் நலனும் ஒன்றாக நின்ற இடங்களில், எவரும் கேளாமலேயே தோட்டங்களில் சுகாதாரம் மேம்பட்டது. அவ்விரண்டும் பிரிந்த இடங்களில், தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒருவர் அச்சமின்றிப் பேச முடிந்தாலன்றி எதுவும் மாறவில்லை. அவ்வாறு பேசுவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது நாற்காலி அன்று; வேலையும் வீடும் பறிபோகாது என்னும் உறுதி.

காய்ச்சலும் கணக்கும்

1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தபோது அந்நகரம் மலேரியாவினால் நிலைகுலைந்திருந்தது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய போர்ட் கிள்ளான்) காய்ச்சலின் கடுமையால் சில மாதங்களிலேயே மூடப்படும் நிலைக்கு வந்தது. மலேரியா கொசுவினால் பரவுகிறது என்பதை ரொனால்டு ராஸ் நிறுவி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அக்கண்டுபிடிப்பை நம்பி, சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை வெட்டச் செய்தார். நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

தோட்டங்களில் சிக்கல் வேறு வகையில் எழுந்தது. கரையோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. குன்றுப் பகுதித் தோட்டங்களிலோ காட்டை வெட்டிய பின்னரே காய்ச்சல் மிகுந்தது. காட்டுச் சதுப்பின் நிழலில் பெருகும் கொசுவினம் ஒன்று; வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் கொசுவினம் மற்றொன்று என்பதை வாட்சன் கண்டறிந்து, பள்ளத்தாக்கு ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், பின்னர் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கவும் வழிவகுத்தார். 1911இல் வெளிவந்து 1921இல் விரிவான பதிப்பைக் கண்ட அவரது நூல் வெப்பமண்டல மருத்துவத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது.

இந்தப் பணியால் பிழைத்த தமிழ் உயிர்கள் பல. தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் இதை ஒத்துக்கொள்ளத் தயங்குவதுண்டு, தயங்கத் தேவையில்லை. ஆனால் இது ஏன் நிகழ்ந்தது என்பதையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஒரு தொழிலாளரைக் கொண்டுவரக் கப்பல் கட்டணம், கங்காணியின் தரகு, வழிச்செலவு எனப் பணம் செலவாயிற்று. 1907இல் தமிழர் குடிவரவு நிதி ஏற்படுத்தப்பட்ட பின்னர் அச்செலவை எல்லா முதலாளிகளும் தீர்வையாகப் பகிர்ந்துகொண்டனர். வந்தவர் ஆறு மாதத்தில் காய்ச்சலில் மாண்டால் அச்செலவு வீண். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தால் மரம் சீவ ஆளில்லை. எனவே இறப்பைக் குறைப்பது தோட்டத்திற்கு இலாபம் என்பதை வாட்சன் தயக்கமின்றிக் கணக்கிட்டுக் காட்டினார். தோட்ட உரிமையாளர்களும் அக்கணக்கைப் புரிந்துகொண்டனர்.

இக்கணக்கில் தொழிலாளி எண்ணப்படுபவர், எண்ணுபவர் அல்லர். தொழிலாளர் கட்டுப்பாட்டு அதிகாரி, தோட்ட மருத்துவர், மருத்துவமனை டிரெசர், 1920களில் நியமிக்கப்பட்ட இந்திய அரசின் முகவர் ஆகியோர் அறிக்கை எழுதினர். மருத்துவமனை வேண்டும், குடிநீர் வேண்டும் என்று சட்டங்கள் விதித்தன. தொழிலாளர் தம் சார்பில் ஒருவரை அனுப்பி, இந்த லயத்தில் கூரை ஒழுகுகிறது, இந்த டிரெசர் காய்ச்சல்காரரை வேலைக்கு விரட்டுகிறார் என்று சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது அந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் தமிழ்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள் மிகுதியாக இருந்த காலத்தில் அவரது உடல்நலத்திற்குச் செலவிடும் தேவையும் குறைந்தது.

சுரங்கத்தில் தோன்றிய பதவி

தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒருவர் வேலையிடத்தைப் பார்வையிடலாம் என்னும் எண்ணம் மலாயாவிற்குப் பிற்காலத்தில் வந்துசேர்ந்தது பிரிட்டனிலிருந்து. அது தோன்றிய இடம் நிலக்கரிச் சுரங்கம். தோன்றிய காரணம் உடல்நலமும் அன்று, எடை. நிலக்கரி வெட்டியவருக்கு எடைக்கு ஏற்பக் கூலி. எடை போட்டவர் முதலாளியின் ஆள். எடையில் ஏமாற்று நிகழ்வதாகத் தொழிலாளர் நெடுங்காலம் முறையிட்டதன் பயனாக, தம் செலவில் ஓர் எடைச் சரிபார்ப்பாளரை அமர்த்திக்கொள்ளும் உரிமையை 1860ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அவர்களுக்கு அளித்தது. அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சரிபார்ப்பாளர் அதே சுரங்கத்தின் தொழிலாளராக இருக்க வேண்டும் என்றிருந்ததால், தமக்குப் பிடிக்காதவரை முதலாளி வேலையிலிருந்து நீக்கினால் அவரது பதவியும் போயிற்று. பலர் அவ்வாறே நீக்கப்பட்டனர். 1887ஆம் ஆண்டுச் சட்டமே அவரது நிலையை உறுதிப்படுத்தியது.

இதற்கிடையே 1872ஆம் ஆண்டுச் சட்டம் மற்றோர் உரிமையைச் சேர்த்தது. சுரங்கத் தொழிலாளர் தம்முள் இருவரை நியமித்து, தம் செலவில், மாதம் ஒருமுறையேனும் சுரங்கம் முழுவதையும் பார்வையிடச் செய்யலாம். காற்றோட்டம், கூரைத் தாங்கிகள், எரிவளி ஆகியவற்றை அவர்கள் தம் கண்ணால் கண்டு எழுதி வைக்கலாம். இன்று உலகெங்கும் பேசப்படும் பாதுகாப்புப் பிரதிநிதி என்னும் பதவியின் முன்னோடிகள் இவ்விருவரே எனலாம்.

இவ்வரலாற்றில் நம் தோட்டங்களுக்குப் பொருந்தும் செய்தி ஒன்று உள்ளது. சரிபார்ப்பாளருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். அதனால் அவர் தொழிலாளருக்கே கடமைப்பட்டிருந்தார். அவர்களுள் பலர் பின்னாளில் சங்கத் தலைவர்களாக உயர்ந்ததும் அதனாலேயே. நம் தோட்டத்திலும் தராசு இருந்தது. பால் ஸ்டோரில் மரம் சீவியவர் தம் பாலை நிறுத்துக் கொடுக்க, கிராணி எழுதிக்கொண்டார். அத்தராசின் அருகில் தொழிலாளர் சார்பில் ஒருவர் நிற்கலாம் என்று காலனிய அரசின் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தாயகத்தில் சுரங்கத் தொழிலாளருக்கு 1860இல் வழங்கியதை அதே ஆட்சி இங்குத் தோட்டத் தொழிலாளருக்கு வழங்க நினைத்ததில்லை.

கிள்ளான், 1941

1941ஆம் ஆண்டின் முதற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அதில் ஆற்றிய பங்கு அறிந்ததே. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி என்பதே முதற்கோரிக்கை. எல்லாக் கோரிக்கைகளிலும் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது, துரையையும் தோட்ட அலுவலரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பதாகும். தன்மானத்தின் அடையாளமாக அது நினைவுகூரப்படுவது முறையே. ஆயின் அதன் ஒளியில் அருகிலிருந்த சில கோரிக்கைகள் மங்கிவிட்டன.

முறையான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பெண் தொழிலாளர்மீது ஐரோப்பியரும் அலுவலரும் நடத்தும் அத்துமீறல் நிற்க வேண்டும். கொடுமை செய்யும் தோட்ட அலுவலர்கள் நீக்கப்பட வேண்டும். இவை ஐந்தையும் ஒருங்கே நோக்கினால் அவை வேலையிடப் பாதுகாப்பின் ஒரு முழுத்திட்டம் என்பது புலனாகும். களைப்பு, போதை, வன்முறை, பாலியல் தொல்லை, மருத்துவமின்மை என இன்றைய பாதுகாப்பு நூல்கள் தனித்தனி இயல்களாக வகுக்கும் ஆபத்துகளைத் தோட்டத் தொழிலாளர் தம் அனுபவத்திலிருந்தே வரிசைப்படுத்தியிருந்தனர். மலேரியாவைப் பற்றி அவர்கள் தனியே கேட்கவில்லை என்பதும் நோக்கற்பாலது. அதை மருத்துவர் பார்த்துக்கொண்டார். மருத்துவர் பாராதவற்றையே தொழிலாளர் கேட்டனர்.

இவற்றோடு மூன்று கோரிக்கைகள் நின்றன. தொழிலாளர் நலனை எடுத்துரைக்கச் சங்கம் அமைக்க இசைவு வேண்டும். குறைகளை முன்வைப்போர் பழிவாங்கப்படலாகாது. உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். இம்மூன்றும் இல்லாமல் முன்னைய ஐந்தும் நிலைக்கா என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்றே கருதத் தோன்றுகிறது. சுரங்கச் சட்டத்தின் வரலாற்றைப் படித்து அவர்கள் இதை அறிந்துகொள்ளவில்லை. பிரட்டுக்களத்தில் குறை சொன்னவருக்கு மறுநாள் என்ன நேர்ந்தது என்பதைக் கண்டு அறிந்துகொண்டனர். குறை சொல்பவர் இழப்பது வேலையை மட்டுமன்று. லயத்து வீடு தோட்டத்துடையது. கடையும் குழந்தைகளின் பள்ளியும் தோட்டத்திற்குள் இருந்தன. வேலை நீங்கினால் குடும்பம் முழுவதும் சாலைக்கு வர வேண்டும். பிரிட்டானியச் சரிபார்ப்பாளரைவிடத் தோட்டத்துப் பிரதிநிதிக்கு ஆபத்து மிகுதி என்பதற்கு இதுவே காரணம்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். குறைகளை முன்வைப்போர் பழிவாங்கப்படலாகாது என்ற கோரிக்கைக்குக் கிடைத்த விடை அது.

போருக்குப் பின்

1945க்குப் பின் தோட்டங்களில் சங்கங்கள் விரைந்து பெருகின. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் எழுந்த தொண்டர் படை இயக்கத்தைச் சீர்திருத்த இயக்கமாகவோ அரசியல் இயக்கமாகவோ மட்டும் காண்பது போதாது. கள்ளுக்கடைக்கு எதிராக அதன் இளைஞர்கள் மேற்கொண்ட மறியலும், அதன் விளைவாகப் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையினருடன் நேர்ந்த மோதலும், தொழிலாளர் தம் உடல்நலத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட முயற்சிகள். சங்க அமைப்பாளர்கள் தோட்டத்திற்குள் நுழைவதைத் தடுக்க அத்துமீறல் சட்டம் இக்காலத்தில் பயன்படுத்தப்பட்டது. வெளியாள் உள்ளே வருவதைத் தோட்ட நிர்வாகம் ஏன் அவ்வளவு அஞ்சியது என்பதை, 1941இல் உறவினர் வருகையைத் தொழிலாளர் ஏன் கோரினர் என்பதோடு சேர்த்து நோக்க வேண்டும்.

1948இல் அவசரகாலம் தொடங்கியது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் கலைக்கப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல்நாள் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கப் பொறுப்பாளருக்கு அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று அதே காலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. வேலையிடப் பாதுகாப்பின் நோக்கில் இவ்விதி இருமுனைக் கத்தி. வேலையை அறிந்தவரே அதன் ஆபத்தை அறிவார் என்பது உண்மை. ஆயினும் மருத்துவமும் சட்டமும் படித்த வெளியாரின் துணை அதனால் எட்டாமற்போனது.

1954இல் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1996இல் மறையும்வரை அதன் பொதுச்செயலாளராக விளங்கிய பி.பி. நாராயணன் 1962இல் மகசேசே விருது பெற்றவர். அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். அச்சங்கம் தோட்டந்தோறும் கிளைக்குழுக்களை அமைத்தது. கூட்டு ஒப்பந்தங்களின் மையம் கூலியே. இரப்பர் விலை ஏறினால் கூலி ஏற வேண்டும், இறங்கினால் எந்த அளவிற்கு இறங்கலாம் என்பதிலேயே பேச்சுவார்த்தைகளின் பெரும்பகுதி கழிந்தது. இதைக் குறை என்று சொல்லிவிட இயலாது. அரைவயிற்றுக் கூலி வாங்கும் குடும்பத்திற்கு முதல் மருந்து கூலி உயர்வுதான். 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு உரிமையாளருக்கு விற்கப்பட்டபோது வேலையோடு மருத்துவமனையும் வீடும் ஒருசேர மறைந்தன. உங்கு அசிஸ் தலைமையில் 1963இல் வெளிவந்த ஆய்வறிக்கை அந்தத் துண்டாடலை ஆவணப்படுத்தியது. சங்கம் அதை எதிர்த்துப் போராடியதும் தொழிலாளர் நலப் போராட்டமே.

ஆயினும், மரம் சீவும் இடத்தில், காண்டாவாளி சுமக்கும் வழியில், ஆலையின் உருளைகளருகில் நேரும் தீங்கைக் கண்டு எழுதி வைக்கும் தனிப்பொறுப்பு ஒன்று கிளைக்குழுவில் வேரூன்றவில்லை. கிளைத்தலைவர் கூலிக் குறை, வீட்டுப் பழுது, கோயில் திருவிழா, பள்ளி வாரியம் என அனைத்தையும் பார்த்தார். அவர் எல்லாவற்றுக்கும் பிரதிநிதி; ஆகையால் பாதுகாப்புக்கென்று எவருமில்லை.

ரோபன்ஸ் அறிக்கையும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும்

பிரிட்டனில் 1970இல் அமைக்கப்பட்ட ரோபன்ஸ் குழு 1972இல் அறிக்கை அளித்தது. ஆபத்தை உண்டாக்குவோரும் ஆபத்தில் பணிபுரிவோரும் தாமே கூடிப் பேசிப் பாதுகாப்பைப் பேண வேண்டும். அரசு ஆய்வாளர் எங்கும் இருக்க முடியாது என்பது அதன் சாரம். அக்குழுவின் தலைவர் ரோபன்ஸ் பிரபு முன்னாள் தொழிற்சங்க அலுவலர். 1966இல் அபர்வான் சிற்றூரின்மேல் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டபோது தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவரும் அவரே. அம்மேட்டைப் பற்றி ஊரார் முன்னரே எச்சரித்திருந்தனர். ‘கூடிப் பேசினால் போதும்’ என்ற கொள்கையைப் படிக்கும்போதெல்லாம் இச்செய்தி நினைவிற்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

பிரிட்டானியச் சங்கங்கள் கூடிப் பேசுவதோடு நிறைவடையவில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1977இல் இயற்றப்பட்டு 1978 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள் சங்கமே பாதுகாப்புப் பிரதிநிதியை நியமிக்கும் உரிமையை அளித்தன. அவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வேலையிடத்தைப் பார்வையிடலாம், விபத்துகளை விசாரிக்கலாம், கூலி இழப்பின்றிப் பயிற்சி பெறலாம். இரு பிரதிநிதிகள் எழுத்தில் கேட்டால் முதலாளி பாதுகாப்புக் குழு அமைத்தாக வேண்டும். பெரி ரைலி உள்ளிட்ட மூவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டானியத் தொழிலகங்களில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர் அனைவரையும் சங்கம் நியமித்த குழுக்கள் இருந்த இடங்களில் காயங்கள் குறைவாக இருந்ததைப் புள்ளியியல் வழி காட்டியது. நிர்வாகமே தனித்து முடிவெடுத்த இடங்களோடு ஒப்பிட்டு அவர்கள் கண்ட முடிவு அது.

மலேசியாவில் 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிற்சாலைச் சட்டத்தின் போதாமையை நாடு உணர்ந்த தருணங்களுள் அது முதன்மையானது. 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. ரோபன்ஸ் கொள்கையே அதன் அடித்தளம். விவசாயமும் அதன் வரம்பிற்குள் வந்ததால் தோட்டங்களுக்கும் அது பொருந்தியது. 40 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயமாயிற்று. 1996ஆம் ஆண்டு விதிகள், நூறு பேர்வரை உள்ள இடத்தில் இரு தரப்பிலும் குறைந்தது இருவரும், அதற்கு மேற்பட்ட இடத்தில் குறைந்தது நால்வரும் குழுவில் இருக்க வேண்டும் என்றும், மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்றும் கூறின. ஆபத்தைப் பற்றி முறையிட்டதற்காகவோ குழு உறுப்பினராக இருப்பதற்காகவோ ஒருவரை வேலை நீக்கம் செய்யலாகாது என்று 27ஆம் பிரிவு விதித்தது. 1941இல் கிள்ளான் தொழிலாளர் கேட்ட சொற்கள் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறின என்று இதைச் சொல்லலாம்.

விடுபட்டதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனிலிருந்து குழு வந்தது. சங்கம் நியமிக்கும் பிரதிநிதி வரவில்லை. குழுவின் தலைவர் முதலாளி அல்லது அவரது மேலாளர். தோட்டத்தில் அவர் யார் என்பதை விளக்கத் தேவையில்லை. காலையில் பிரட்டில் வேலை பகிர்பவரும், வீட்டைத் தருபவரும், டிரெசருக்கு மேலதிகாரியும் அவரே. அவர் தலைமை தாங்கும் மேசையில் அமர்ந்து, இந்த வேலை எங்களை நோயாளியாக்குகிறது என்று சொல்வதற்கு 27ஆம் பிரிவு மட்டும் போதுமா என்பதை அடுத்து வரும் நிகழ்வு சோதித்தது.

‘மருந்து’

தோட்டத் தமிழில் களைக்கொல்லி தெளிப்பதற்கு மருந்தடித்தல் என்று பெயர். பாடநூல் களைக்கொல்லி என்கிறது. சட்டம் நச்சுப்பொருள் என்கிறது. தெளிப்பவர் மருந்து என்கிறார். வெடிமருந்து என்னும் வழக்கும் தமிழில் உள்ளதால் இது புதுமையன்று. ஆயினும் நஞ்சை நாள்தோறும் மருந்து என்றே அழைக்கும் ஒருவருக்கு அதன் தீமையை உணர்த்துவது மொழியளவிலேயே கடினம் என்பதைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர்.

பராகுவாட் என்னும் களைக்கொல்லி 1962 முதல் உலகச் சந்தையில் விற்கப்பட்டது. கிராமக்சோன் என்னும் வணிகப் பெயரிலேயே பலரும் அதை அறிவர். விழுங்கினால் மாற்று மருந்து இல்லை. சிறிதளவும் உயிரைப் பறிக்கும். தெளிப்பவரிடம் அது தோலெரிச்சலையும் நகச்சிதைவையும் மூக்கில் குருதிக் கசிவையும் உண்டாக்கும்; புண்பட்ட தோலின் வழியே உடலுக்குள் புகவும் வல்லது. சுவீடன் அதை 1983இல் தடை செய்தது. இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய மலேசியத் தோட்டங்களிலோ அது மலிவான, விரைந்து பயன்தரும் பொருளாகப் பரவியது. முதுகில் பம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகுதி. வெப்பத்தில் கையுறையும் முகமூடியும் அணிந்து நாள் முழுவதும் நடப்பது எளிதன்று. ஸ்டோரில் கலக்கித் தரப்படும் நீரைத் தெளிப்பவர் புட்டியின் முகப்புச்சீட்டைக் காண்பதும் அரிது.

மலேரியாவோடு இதை ஒப்பிட்டு நோக்குக. காய்ச்சல் வந்தால் மறுநாளே வேலை நின்றது. தோட்டம் இழப்பை உணர்ந்தது. பராகுவாட்டின் தீங்கு மெல்லப் பரவுவது. நகம் உதிர்ந்தவர் மறுநாளும் பிரட்டிற்கு வந்தார். வராவிட்டால் நாட்கூலி போயிற்று. நோயின் செலவு குடும்பத்தின்மேல் விழுந்தது. மலிவின் பயன் தோட்டத்திற்குச் சேர்ந்தது. வாட்சனின் கணக்கு இங்குச் செல்லாது. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வழி தொழில்நோய்க்கு இழப்பீடு கேட்கலாம் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டம் கூறினாலும், எந்த நாளில் எந்த நஞ்சை எத்தனை மணி நேரம் தெளித்தார் என்னும் பதிவு இன்றி அவர் எதை மெய்ப்பிப்பார்? சுரங்கத்து இருவர் ஏட்டில் எழுதி வைத்தது போன்ற ஒரு பதிவு இங்கு வைக்கப்படவில்லை.

அப்பதிவைச் செய்தவர்கள் வெளியிலிருந்து வந்தனர். ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பும், ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் தோட்டங்களுக்குச் சென்று மருந்தடிக்கும் பெண்களிடம் பேசி, அவர்களது உடலில் நேர்ந்தவற்றை எழுதி 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டன. அவ்வாண்டிலேயே பராகுவாட்டைப் படிப்படியாக விலக்கப்போவதாக அரசு அறிவித்தது. தோட்டத்துறையும் உற்பத்தியாளரும் மறுப்புத் தெரிவித்தனர். 2006இல் தடை தளர்த்தப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பராகுவாட்டுக்கு அளிக்கப்பட்ட ஒப்புதலை நீக்கிய பின்னரும் இங்குத் தெளிப்பு தொடர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்றுதான் மலேசியாவில் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முதல் அறிவிப்பிற்கும் தடைக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்.

சட்டத்தின்படி பாதுகாப்புக் குழுக்கள் இருந்திருக்க வேண்டிய காலம் இது. அவ்வாறிருந்தும் தெளிப்பவரின் சொல் பெண்கள் அமைப்பு ஒன்றின் அறிக்கை வழியாகவே நாட்டின் செவிக்கு எட்டியது. இதற்குச் சங்கத்தின் அக்கறையின்மையே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது, நேர்மையன்று. கிளைக்குழுக்களின் தலைமையில் ஆண்கள் மிகுதி; மருந்தடிக்கும் குழுவினரோ பெண்கள். ஒப்பந்தக்காரர் வழி வேலை செய்த குழுக்கள் சங்கத்திற்கும் தோட்ட நிர்வாகத்திற்கும் இடைவெளியில் நின்றன. இவற்றுக்கும் மேலாக, பேசியவருக்கு வீடு போகும் என்ற 1941ஆம் ஆண்டின் அச்சம் 2002இலும் மாறவில்லை. தெனாகானித்தாவின் பணியாளர் லயத்தில் குடியிருந்தவர் அல்லர். அதனாலேயே அவர்களால் பேச முடிந்தது. கிள்ளான் தொழிலாளர் வெளியாரின் வருகையைக் கோரிக்கையாக வைத்ததன் பொருள் அறுபது ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு விளங்கியது.

தோட்டங்களின் தொழிலாளர் அமைப்பு இதற்குள் மாறிவிட்டது. இன்று செம்பனைத் தோட்டங்களில் பம்பைச் சுமப்பவர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அவர்களைச் சங்கத்தில் சேரவிட்டது. குடியுரிமை இல்லாதவரைப் பொதுவாக அதன் நிர்வாகக் குழுவில் அமரவிடவில்லை. லயத்து வீட்டோடு வேலை அனுமதியும் முதலாளியைச் சார்ந்து நிற்பதால், நம் பாட்டன்மாரின் நிலையைவிட அவர்களது நிலை ஒரு படி தாழ்ந்தது. 2022இல் திருத்தப்பட்டு 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், உடனடி ஆபத்தை நீக்க முதலாளி தவறினால் தொழிலாளர் அவ்விடத்தை விட்டு விலகலாம் என்று 26ஏ பிரிவில் கூறுகிறது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்கவும் வழிசெய்கிறது. அவரை நியமிப்பவர் முதலாளி. பராகுவாட் இருந்த இடத்தில் இப்போது கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் உள்ளன. விடியற்காலையில் ஸ்டோரில் அவற்றைக் கலக்கும்போது அருகில் நின்று, இன்று என்ன கலக்கப்படுகிறது, யார் தெளிக்கப் போகிறார், நேற்றுத் தெளித்தவருக்கு என்ன நேர்ந்தது என்று எழுதி வைக்க, தொழிலாளர் தாமே அனுப்பும் ஒருவருக்கு அச்சட்டத்தில் இன்னும் தனியிடமில்லை.